மழ, மழை, மழைை: ஈடி எடிட்டரில் தமிழ் ஃபைலைத் திருத்துவது

மீனாட்சிபுரத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியின் சுருக்கம் இது: "அண்ணா, எங்கள் பாசன சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். டைப் செய்தவர் மலையாள மீடியத்தில் படித்தவர். மழை வர வேண்டிய இடத்திலெல்லாம் மழ என்று இருக்கிறது. ஃபைல் ஒரு சர்வரில் கிடக்கிறது. தோட்டத்திலிருந்து செல்போன் சிக்னலை வைத்துத்தான் அங்கே போகிறேன். திரை முழுக்க விரியும் எடிட்டர்கள் பாதியில் உறைந்துவிடுகின்றன, ஈடி மட்டும் ஓடுகிறது. எஸ் கட்டளை கொடுத்தேன், கேள்விக்குறி வந்தது. வரி எண் போட்டுக் கொடுத்தேன், ஒரே ஒரு இடம் மாறியது. இன்னொரு முறை கொடுத்தேன், மாறிய எழுத்தும் விகாரமாகி மழைை என்று ஆகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்ற என்ன செய்ய வேண்டும்?"

தம்பி, ஒரே அடியில் மாற்றலாம். ஆனால் அந்த அடி எங்கே விழும் என்று முன்கூட்டியே கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். உங்களுக்கு நேர்ந்த மூன்று விஷயங்களுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் உண்டு. மூன்றும் புரிந்துவிட்டால் ஈடியில் பாதி தெரிந்த மாதிரி.

முதலில் ஒரு சொல். ஈடி என்பது கட்டளை தட்டி வரி வரியாகத் திருத்துகிற எடிட்டர். எஸ் அதில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கிற கட்டளை. கட்டளை எழுத்துகளை இங்கே ஒலிப்பைப் பார்த்துத் தமிழிலேயே எழுதுகிறேன். எஸ் என்று கண்டால் கீபோர்டில் அந்த ஒற்றைச் சிறிய ஆங்கில எழுத்தைத் தட்டுங்கள். பெரிய எழுத்தாக வேண்டும் என்றால் அதைச் சொல்லிவிடுவேன். சாய்கோடு, புள்ளி, காற்புள்ளி எல்லாம் அப்படியே.

கேள்விக்குறி ஏன் வந்தது? ஈடி ஃபைலைத் திறந்ததும் கடைசி வரியில் போய் நிற்கும். அதுதான் அப்போதைய நடப்பு வரி. வரி எண் சொல்லாமல் எஸ் கொடுத்தால் அந்த வரியில் மட்டும் தேடும். உங்கள் ஃபைலின் கடைசி வரியில் தலைவர் கையெழுத்தோ தேதியோ இருந்திருக்கும், மழ இருந்திருக்காது. கிடைக்கவில்லை என்பதைத்தான் அந்த ஒற்றைக் கேள்விக்குறி சொன்னது. ஹெச் தட்டினால் காரணத்தை ஒரு வரியில் சொல்லும். பெரிய எழுத்து ஹெச் ஒருமுறை தட்டிவிட்டால் அதன் பிறகு ஒவ்வொரு பிழைக்கும் தானாகவே காரணம் சொல்லிக்கொண்டு வரும். புதிதாகப் பழகுகிறவர்கள் ஃபைலைத் திறந்ததும் முதல் வேலையாக இதைத் தட்டிவிடுங்கள்.

ஈடி இவ்வளவு வாய்மூடியாக இருப்பதற்குக் காரணம் அது பிறந்த இடம். 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் பிடிபி-7 என்ற சிறிய இயந்திரத்துக்காக இதை எழுதினார். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் முதல் உறுப்புகளில் இதுவும் ஒன்று. அந்தக் காலத்து முனையம் டெலிடைப், அதாவது காகிதச் சுருளில் அடித்துக் காட்டும் தட்டச்சு இயந்திரம். அவற்றில் மாடல் 33 நொடிக்குப் பத்து எழுத்துதான் அடிக்கும். 72 எழுத்துள்ள ஒரு முழு வரிக்கு ஏழு நொடிக்கு மேல் ஆகும். பிழைச் செய்தியை முழு வாக்கியமாக அடித்தால் வேலை செய்பவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதனால்தான் கேட்டதை மட்டும் காட்டும், கேட்காததைக் காட்டாது. இன்றைக்கு நெல்லியாம்பதி அடிவாரத்தில் ஒரு கோடு சிக்னலில் இருக்கிற உங்களுக்கும் அதே நிலைமைதான். திரை முழுவதையும் மாற்றி மாற்றி வரைகிற எடிட்டர் திணறுகிற இடத்தில், ஒரு வரி கேட்டு ஒரு வரி வாங்குகிற எடிட்டர் நடந்துபோய்விடும். வேறு வழியில்லாமல் ஈடிக்கு வந்ததாக நினைக்காதீர்கள். உங்கள் சிக்னலுக்குப் பொருத்தமான கருவி இதுதான்.

அடுத்து, ஒரே ஒரு இடம் மட்டும் ஏன் மாறியது? எஸ் கட்டளை ஒரு வரியில் முதலில் கண்ட இடத்தை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடும். வரி முழுக்க மாற்ற, கடைசியில் ஜி சேர்க்க வேண்டும். ஃபைல் முழுக்க மாற்ற, முன்னால் ஒரு காற்புள்ளி போட வேண்டும். காற்புள்ளி மட்டும் தனியாக வந்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என்று பொருள். 5,9 என்றால் ஐந்திலிருந்து ஒன்பது வரை. புள்ளி என்றால் நிற்கிற வரி, டாலர் குறி என்றால் கடைசி வரி.

திருத்தக் கட்டளையை ஒரு வாக்கியமாக வாசித்துப் பழகுங்கள். எங்கே, என்ன செய்ய, எதை, எதுவாக, எத்தனை முறை. நம் பேச்சின் வரிசைக்கு இது அந்நியம் இல்லை. "மேலத்தோட்டத்தில், பிடுங்கிவிட்டு, வாழைக்குப் பதில் தென்னை, எல்லாக் குழியிலும்" என்று கூலிக்கு வருகிறவரிடம் சொல்வது போலத்தான். இடத்தைச் சொல்லாமல் விட்டால் அவர் நிற்கிற இடத்தில் வேலையை ஆரம்பிப்பார், ஈடியும் அப்படியே.

இனி மூன்றாவது, முக்கியமான சிக்கலுக்கு வருகிறேன். உங்கள் ஃபைலில் ஒரு வரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். என் என்ற கட்டளை வரியை எண்ணோடு காட்டும்.

12என்
12 இந்த மாதம் மழ இல்லை, மழக்காலம் தள்ளிப்போனது, மழை வேண்டிப் பூசை.

இதில் கொடுத்துப் பாருங்கள்:

12எஸ்/மழ/மழை/

முதல் மழ, மழை ஆகிவிடும். மறுபடி அதையே கொடுத்தால் ஈடி வரியின் ஆரம்பத்திலிருந்து தேடும். இப்போதுதான் சரிசெய்த மழைக்குள்ளேயே மழ இருக்கிறது. யூனிகோட் தமிழில் மழை என்பது மூன்று துண்டு: ம, ழ, அப்புறம் ஐகாரக் குறி. முதல் இரண்டு துண்டும் சேர்ந்தால் மழ. ஈடி அந்த இரண்டையும் எடுத்துவிட்டு மூன்று துண்டை வைத்தது, பழைய ஐகாரக் குறி பின்னால் தொங்கிக்கொண்டு நின்றது. அதுதான் உங்கள் மழைை. நம் கண்ணுக்கு ழை ஓர் எழுத்து, எடிட்டருக்கு இரண்டு. தமிழ் ஃபைலைத் திருத்தும்போது நேரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டில்தான் பிறக்கின்றன.

இது தெரியாமல் காற்புள்ளியும் கடைசி ஜியும் சேர்த்துக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சரியாக இருந்த மழை எல்லாம் மழைை. மழலை, மழைலை ஆகும். திருமழபாடி, திருமழைபாடி ஆகும். ஆண்டுவிழா அறிக்கையில் யாராவது "தமிழ் மணம் கமழ" என்று எழுதியிருந்தால் அது "தமிழ் மணம் கமழை" ஆகும். மழு என்ற கோடாரியும் தப்பாது.

ஆகவே எஸ் கொடுப்பதற்கு முன் தேடிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் வைக்கிற ஜி:

ஜி/மழ/என்

மழ உள்ள எல்லா வரியையும் எண்ணோடு காட்டும். முன்னால் வரும் ஜி வரிகளைப் பொறுக்குவது, பின்னால் வரும் ஜி ஒரு வரிக்குள் எல்லா இடத்தையும் மாற்றுவது. ஒரே எழுத்துக்கு இரண்டு வேலை என்பதால் பலரும் குழம்புவார்கள். இந்த முன் ஜியோடு தேடுசொல்லும் பி என்ற அச்சிடும் கட்டளையும் சேர்ந்து தனி நிரலாகி வெளியே போனதுதான் 1973இல் வந்த கிரெப். ஈடிக்குள் அடிக்கடி தட்டிய கட்டளையே அதற்குப் பெயராகவும் ஆயிற்று.

வரிகளைப் பார்த்தால் பிழைகளில் ஓர் ஒழுங்கு தெரியும். மலையாளத்தில் அந்தச் சொல்லே மழ என்பதுதான், ஐகாரத்தில் முடிவதில்லை. மழக்காலம், மழயில் என்றுதான் அவர்கள் கைக்கு வரும். டைப் செய்தவர் கவனமில்லாதவர் இல்லை, அவருடைய கை அவருடைய மொழியில் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பெயர்ப்பலகையை இரண்டு எழுத்திலும் படித்து வளர்ந்த யாருக்கும் இது தெரியும். இப்படி ஒழுங்கோடு வருகிற பிழைதான் திருத்தக் கட்டளைக்கு உகந்தது. ஒழுங்கில்லாத பிழையைக் கையால்தான் திருத்த வேண்டும்.

இங்கே ஒழுங்கு என்ன? மழ என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் இடைவெளி. பின்னால் இடைவெளி, காற்புள்ளி, புள்ளி, ய, க ஆகிய ஐந்தில் ஒன்று. அதை அப்படியே கட்டளையாக எழுதலாம்:

,எஸ்/ மழ\([ ,.யக]\)/ மழை\1/ஜி

சதுர அடைப்புக்குள் இருப்பவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் போதும் என்று பொருள். பின்சாய்கோட்டோடு வரும் வளைவடைப்பு, அங்கே கிடைத்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. மாற்றும் பக்கத்தில் \1 என்று எழுதினால் ஞாபகத்தில் இருந்ததை அங்கே திருப்பி வைக்கும். மழக்காலத்தில் க கிடைத்தால் மழை போட்டு அந்த க-வை மீண்டும் வைக்கும், அதன் பின்னால் இருக்கிற புள்ளியும் காலமும் தொடப்படாமல் அப்படியே நிற்கும். மழயில் என்பதில் ய கிடைக்கும், இகரக் குறி அதன் பின்னால் தானாக ஒட்டிக்கொள்ளும். எழுத்து துண்டுகளாக இருப்பது இங்கே நமக்கு உதவியாகிவிடுகிறது. ஏற்கெனவே சரியாக இருக்கிற மழையில் ழ-வுக்குப் பின் ஐகாரக் குறி வரும், அது அடைப்புக்குள் இல்லை, அதனால் தப்பியது. மழலையில் ல வரும், தப்பியது. கமழ, திருமழபாடி இரண்டிலும் முன்னால் இடைவெளி இல்லை, அவையும் தப்பின.

வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கிற மழக்களை இது விட்டுவிடும். தொடக்கத்தை மேல்நோக்கிய கூரைக் குறியாலும் முடிவை டாலர் குறியாலும் பிடிக்கலாம்:

,எஸ்/^மழ\([ ,.யக]\)/மழை\1/
,எஸ்/ மழ$/ மழை/

டாலர் குறி முன்னால் இடத்தைச் சொல்கிற பகுதியில் வந்தால் கடைசி வரி. சாய்கோடுகளுக்குள் தேடுசொல்லின் முடிவில் வந்தால் வரியின் முடிவு.

இன்னொரு நுட்பம். ஒரு வரியின் நடுவில் "மழ மழ என்று காத்திருந்தோம்" என்று இருந்தால் முதல் மழவுக்குப் பின்னால் உள்ள இடைவெளியை முதல் திருத்தமே விழுங்கிவிடும். இரண்டாவது மழவுக்கு முன்னால் இடைவெளி மிச்சம் இருக்காது, அது நழுவிவிடும். அதனால் அதே கட்டளையை மறுபடி ஒருமுறை கொடுங்கள். கேள்விக்குறி வரும்வரை கொடுங்கள். அந்த இடத்தில் கேள்விக்குறி வருவது நல்ல செய்தி, இந்த வடிவத்தில் இனி ஒன்றும் மிச்சமில்லை என்று பொருள். முடிந்ததும்

ஜி/மழ[^ை]/என்

என்று கொடுத்துப் பாருங்கள். அடைப்புக்குள் முதலில் கூரைக் குறி வந்தால் "இது அல்லாத ஏதாவது ஒன்று". வரியின் முடிவில் நிற்பதைத் தவிர, ஐகாரக் குறி இல்லாத எல்லா மழவும் வரிசையாக வரும். அவற்றில் மழலையும் கமழும் இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். மழவெள்ளம், மழச்சாரல் மாதிரி மிஞ்சியவற்றுக்குத் தனித்தனியாகக் கட்டளை கொடுங்கள். க, ய போல வ-வையும் அடைப்புக்குள் போட்டிருக்கலாமே என்று தோன்றும். போட்டிருந்தால் மழவர் என்ற பழைய குலப்பெயரும் மாறியிருக்கும். தீர்மானப் புத்தகத்தில் மழவருக்கு வேலை இல்லைதான். இருந்தாலும் இல்லை என்று நினைத்துக்கொள்வதைவிடத் தேடிப் பார்ப்பது மேல்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்தாக வேண்டும். அடைப்புக்குறிக்குள் தமிழ் எழுத்துப் போட்டால் சர்வர் அதை எழுத்தாகப் பார்க்கிறதா, பைட்டுகளாகப் பார்க்கிறதா என்று தெரிய வேண்டும். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட். சர்வரின் லொக்கேல், அதாவது மொழியையும் எழுத்து முறையையும் சொல்கிற அமைப்பு, சரியில்லை என்றால் அடைப்புக்குள் இருக்கிற க-வை ஈடி மூன்று தனிப் பைட்டுகளாக உடைத்துக்கொள்ளும். அந்தப் பைட்டுகளில் முதலாவது எல்லாத் தமிழ் எழுத்துக்கும் பொது. அப்புறம் ஐகாரக் குறியின் முதல் பைட்டும் பொருந்திவிடும், சரியான மழையும் சிதைந்துபோகும். சோதனை சுலபம். ஒரு தற்காலிக ஃபைலில் ஏ தட்டி, க என்ற ஒரே எழுத்தை ஒரு வரியாகத் தட்டி, அடுத்த வரியில் ஒற்றைப் புள்ளி வைத்து முடியுங்கள். புள்ளி மட்டும் உள்ள வரிதான் எழுதுவது முடிந்தது என்பதற்கு அடையாளம். பிறகு

/^.$/

என்று தேடுங்கள். க வரியைக் காட்டினால் எழுத்தாகப் பார்க்கிறது, தைரியமாக மேலே போகலாம். கேள்விக்குறி வந்தால் பைட்டாகப் பார்க்கிறது. லொக்கேலை யுடிஎஃப்-8க்கு மாற்றிவிட்டு ஈடிக்குள் மறுபடி வாருங்கள்.

அந்தத் தேடலில் உள்ள புள்ளிக்கு ஏதாவது ஓர் எழுத்து என்று பொருள். இது உங்களுக்கு வேறு இடத்திலும் தேவைப்படும். உங்கள் சங்கத்துத் தீர்மானங்களில் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் வராமல் இருக்காது. 29-5-1970இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தப்படி மணக்கடவு அணையில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும். அந்த எண்ணைத் தேட 7.25 என்று கொடுத்தால் நடுவில் இருக்கிற புள்ளி எதற்கும் பொருந்தும். 7,25 என்று தவறாக டைப் ஆனதும் கிடைக்கும், 17125 ரூபாய் என்ற வரவுசெலவுக் கணக்கும் கிடைக்கும். புள்ளியைப் புள்ளியாகவே தேட முன்னால் பின்சாய்கோடு வேண்டும்: 7\.25. மாற்றும் பக்கத்தில் புள்ளிக்கு எந்த விசேஷமும் இல்லை, அங்கே சும்மா எழுதலாம்.

,எஸ்/7,25/7.25/ஜி

டிஎம்சி என்ற சொல் பல இடங்களில் விட்டுப்போயிருந்தால் & குறியைப் பயன்படுத்துங்கள். மாற்றும் பக்கத்தில் அது "கண்டுபிடித்ததையே வை" என்று சொல்கிறது. எஸ்/7\.25/& டிஎம்சி/ என்றால் எண் அப்படியே நிற்கும், பின்னால் டிஎம்சி சேரும். தேதிகளில் சாய்கோடு இருந்தால் எல்லைக் குறியாகச் சாய்கோட்டை வைக்கவே வேண்டாம். எஸ்-க்கு அடுத்து எந்தக் குறியை வைக்கிறீர்களோ அதுவே எல்லையாகும்:

,எஸ்|29/5/1970|29-5-1970|ஜி

இனி நான் செய்த பெரிய தவறு. பல வருடங்களுக்கு முன் பொள்ளாச்சியில் ஓர் அச்சகத்துக்காக ஒரு பெரியவரின் விவசாயக் குறிப்புகளைத் திருத்தினேன். ஒலிப்பு முறைக் கீபோர்டில் டைப் செய்திருந்ததால் மழை பல இடங்களில் மலை ஆகியிருந்தது. நான் ஜி போட்டுப் பார்க்கவில்லை. நேராக

,எஸ்/மலை/மழை/ஜி

கொடுத்துச் சேமித்துவிட்டேன். ப்ரூஃப் பார்த்த பெரியவர் ஆனைமழை என்ற சொல்லைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு அனுப்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. மலையாளம் முழுக்க மழையாளம் ஆகியிருந்தது. அவற்றைத் திருப்பி மாற்றுவது கஷ்டமாக இல்லை, ஏனென்றால் ஆனைமழை என்று ஒரு சொல் தமிழில் இல்லை. உண்மையான கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. மலைநீர் என்றும் சொல் உண்டு, மழைநீர் என்றும் உண்டு. மலைச்சாரலும் உண்டு, மழைச்சாரலும் உண்டு. நான் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்ட பிறகு எது எதுவாக இருந்தது என்று ஃபைலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெரியவரின் கையெழுத்துப் பிரதியை வாங்கி வந்து இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொரு சாரலாக ஒப்பிட்டேன். இரண்டு வேறு சொற்களை ஒன்றாக்கிவிடும் திருத்தத்துக்குத் திரும்பும் பாதை கிடையாது. அப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால் ஒட்டுமொத்தக் கட்டளையை நான் இப்போது தொடுவதே இல்லை.

அங்கே பெரிய எழுத்து ஜி-யைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பெரிய ஜி/மலை/ என்று கொடுத்தால் பொருந்தும் வரிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொன்றிலும் உங்களுக்காகக் காத்து நிற்கும். மாற்ற வேண்டும் என்றால் அந்த இடத்தில் எஸ் கட்டளையைத் தட்டலாம். வேண்டாம் என்றால் வெறும் என்டர் தட்டினால் அடுத்த வரிக்குப் போகும். ஒருமுறை தட்டிய கட்டளையையே மறுபடி கொடுக்க & மட்டும் தட்டினால் போதும். உங்கள் ஃபைலிலும் மலை, மழை குழப்பம் கட்டாயம் இருக்கும், அதற்கு இதுதான் வழி. பொறுமை வேண்டும், ஆனால் ஒவ்வொரு முடிவும் உங்கள் கண் பார்த்து எடுத்ததாக இருக்கும்.

யு என்ற கட்டளை கடைசியாக ஃபைலை மாற்றிய ஒரே ஒரு கட்டளையை மட்டும் திருப்பும். மறுபடி யு தட்டினால் திருப்பியதையே திருப்பிவிடும், அதற்கு முந்தைய நிலைக்குப் போகாது. அதனால் ஒவ்வொரு பெரிய திருத்தத்துக்குப் பிறகும் பாருங்கள், சரியில்லை என்றால் அடுத்த கட்டளை கொடுப்பதற்கு முன்பே யு. வேலை தொடங்கும்போதே டபிள்யூ, இடைவெளி, வேறொரு பெயர் என்று கொடுத்து ஒரு நகல் எடுத்துவையுங்கள். நகலுக்கு எழுதினாலும் ஈடி மூல ஃபைலின் பெயரைத்தான் ஞாபகம் வைத்திருக்கும், அதில் குழப்பம் வராது. எல்லாம் கெட்டுவிட்டது, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் என்றால் பெரிய எழுத்து ஈ. சேமிக்காமல் கியூ தட்டினால் முதலில் ஒரு கேள்விக்குறி வரும், அது எச்சரிக்கை. கோபத்தில் மறுபடி கியூ தட்டினால் செய்ததெல்லாம் போய்விடும்.

சேமிக்கும்போது ஈடி ஓர் எண்ணைக் காட்டும், திறக்கும்போதும் காட்டும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அது ஃபைலின் பைட் எண்ணிக்கை. எஸ் கட்டளை எத்தனை இடம் மாற்றியது என்று ஈடி சொல்லாது, ஆனால் தமிழில் அந்த எண்ணை வைத்து நாமே கணக்குப் போட்டுவிடலாம். மழ ஆறு பைட், மழை ஒன்பது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மூன்று பைட் கூடும். திறக்கும்போது 48212 என்று இருந்து, மழ திருத்தம் மட்டும் செய்து சேமிக்கும்போது 48335 என்று வந்தால் 123 கூடியிருக்கிறது, அதாவது 41 இடம். வித்தியாசம் மூன்றால் வகுபடாவிட்டால் வேறு எதுவோ மாறியிருக்கிறது என்று நின்று பார்க்க வேண்டும். என் மலை, மழைத் தவறில் இந்தக் கணக்கும் உதவியிருக்காது. ல-வுக்கும் மூன்று பைட், ழ-வுக்கும் மூன்று பைட், எண் அசையவே இல்லை.

வரி எண் சொல்லித் திருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். வரி நீக்கினாலோ சேர்த்தாலோ அதற்குக் கீழே உள்ள எண்களெல்லாம் நகரும். 14ஐ நீக்கினால் 15 இப்போது 14. அதனால் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு திருத்துகிறவர்கள் கீழிருந்து மேலே போக வேண்டும். இரண்டு ஃபைல்களின் வித்தியாசத்தை ஈடிக்கான கட்டளைகளாகவே எழுதித் தருகிற வசதி டிஃப் நிரலில் உண்டு. அதுவும் இதே காரணத்துக்காகக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித்தான் கட்டளைகளை எழுதும். இரண்டு வரியை ஒட்ட 7,8ஜே. ஈடி இடையில் இடைவெளி விடாது, வரி ஓரத்தில் பாதியில் உடைந்த சொல்லை ஒட்டுவதற்கு அது வசதி. இடம் மாறிய வரியைத் தூக்கி வைக்க 14எம்9, பதினான்காவது வரி ஒன்பதாவதுக்குக் கீழே போகும். ஒரு வரி முழுவதும் கெட்டிருந்தால் எஸ் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம், சி கொடுத்துப் புதிதாகத் தட்டிப் புள்ளியால் முடியுங்கள்.

கடைசியாக ஒன்று, இது கண்ணில் படவே படாத பிழை. கொழிஞ்சாம்பாறை என்று தேடினால் சில வரிகள் கிடைக்கும், சில கிடைக்காது. கிடைக்காதவற்றைப் பார்த்தால் அதே கொழிஞ்சாம்பாறைதான், ஓர் இம்மி வித்தியாசம் தெரியாது. கொ-வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் ஆகாரக் காலும் தனித்தனியாக அடுத்தடுத்தும் எழுதலாம். எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரையும், ஈடிக்கு மட்டும் அவை வேறு வேறு. சந்தேகம் வந்தால் எல் கட்டளையைக் கொடுங்கள். அது வரியில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை எண்களாக உடைத்துக் காட்டும். க-வுக்கு \340\256\225 என்று வரும். அடுத்து \340\257\212 என்று மூன்று எண் வந்தால் ஒற்றைக் குறி. \340\257\206\340\256\276 என்று ஆறு எண் வந்தால் இரண்டாகப் பிரிந்த குறி. பிரிந்தது இருக்கிற வரியிலிருந்தே அந்தக் குறியை நகல் எடுத்து, தேடும் பக்கத்தில் ஒட்டி, மாற்றும் பக்கத்தில் ஒற்றைக் குறியைத் தட்டி ஃபைல் முழுக்க ஓட்டுங்கள். இந்தத் திருத்தத்தை மழவுக்கும் முன்பே, முதல் வேலையாகச் செய்துவிடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று பைட் குறையும், சேமித்து எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த திருத்தத்துக்குப் போங்கள்.

தம்பி, ஈடியில் கற்ற இந்த எஸ், ஜி எல்லாம் வேறு எங்கும் வீணாகாது. அதே பெல் ஆய்வகத்தில் பிறந்த செட் நிரலுக்கும் இதே எஸ்தான். பில் ஜாய் எழுதிய எக்ஸ் எடிட்டர், அதன் திரை வடிவமான விஐ, அதற்குப் பின் 1991இல் வந்த விம் எல்லாவற்றிலும் கோலன் தட்டினால் கீழே திறக்கிற வரியில் இதே கட்டளைகள் ஓடும்.

இன்றைக்குச் சிக்னல் கிடைத்ததும் முதலில் ஜி/மலை/என் ஒன்றைக் கொடுத்து, மலைநீர், மலைச்சாரல் வருகிற வரி எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூலத் தீர்மானப் புத்தகம் சங்கத்தில் யார் வீட்டில் இருக்கிறது என்றும் கேட்டுவையுங்கள். அந்த வரிகளுக்கு மட்டும் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கும்.